கித்துள் பாணியில் ஒரு சார் சியூ

கொழும்பின் பழைய சீனச் சாப்பாட்டுக் கடைகளில் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு அந்தத் துண்டு ஞாபகம் இருக்கும். நடுவில் வெளிறிய இறைச்சி, விளிம்பில் மட்டும் சிவப்பு. உப்பா இனிப்பா என்று நாக்கு முடிவெடுக்கும் முன்பே தொண்டையைத் தாண்டிவிடும். அதன் பெயர் சார் சியூ. பன்றி இறைச்சியை நீளத் துண்டங்களாக வெட்டி, ஊறவைத்து, கொக்கியில் தொங்கவிட்டு வாட்டுகிற தென்சீனத்துக் குவாங்டோங் மாகாணச் சமையல் அது. ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று தொங்குவதும் இதுதான்.

வீட்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் தேடி ஓடுவது சிவப்புச் சாயத்தைத்தான். சாயம் இல்லாமலே நல்ல சார் சியூ செய்யலாம் என்பது என் கட்சி. அதன் உயிர் நிறத்தில் இல்லை. ஓரங்களில் அங்கங்கே கருகி, மற்ற இடங்களில் பாகுபோல ஒட்டிக்கொண்டு மின்னுகிற அந்த மேற்பூச்சில் இருக்கிறது. அந்தப் பூச்சு அமைவதும் அமையாததும் பெரும்பாலும் இறைச்சியின் மேலே நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது.

தண்ணீர் இருக்கும் இடத்தில் வெப்பம் 100 பாகை செல்சியஸை ஒட்டியே நின்றுவிடும். அதற்கு மேல் கொடுக்கும் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி மணக்கத் தொடங்குவதோ ஏறத்தாழ 140 பாகையில். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் விவரித்த தாக்கம் இது. பாண் தோலின் மணம், வறுத்த கோப்பிக்கொட்டையின் மணம், நெருப்பில் வாட்டிய இறைச்சியின் மணம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இதுவே. ஆக, மேல்தோல் உலர்ந்தால்தான் மணம் பிறக்கும். உள்ளே இருக்கும் இறைச்சிக்கோ 70 பாகை போதும். அதைத் தாண்டிப் போகப் போக நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். வெளியே 150, உள்ளே 70. ஒரே நெருப்பில் இரண்டையும் சாதிப்பதுதான் இந்தச் சமையலின் முழுச் சிக்கல். குவாங்டோங்கின் கன்டோனியச் சமையற்காரர் செய்கிற ஒவ்வொரு வேலையும் இதற்கான விடைதான்.

முதல் விடை வெட்டில் இருக்கிறது. சோஸில் இரவு முழுதும் ஊறவிட்டால் சுவை நடுவரை இறங்கிவிடும் என்று நம்புகிறோம். உண்மையில் உப்பு மட்டும்தான் அவ்வளவு தூரம் பயணம் செய்யும். உள்ளே போன உப்பு புரதத்தைத் தளர்த்தி, சூடு பட்டாலும் நீரைப் பிடித்துவைக்கச் செய்யும். சீனி, உள்ளி, வாசனைப் பொடி எல்லாம் சில மில்லிமீற்றரோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் பெரிய உருண்டையாக வாட்டாமல், நாலைந்து சென்ரிமீற்றர் தடிப்பும் ஒரு சாண் நீளமுமான பட்டைகளாக வெட்டுகிறார்கள். பட்டை மெலிந்தால் மேற்பரப்பு கூடும். வாய்க்குள் போகும் ஒவ்வொரு துண்டிலும் விளிம்பு இருக்கும்.

எந்த இடத்து இறைச்சி என்பதும் முக்கியம். கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கேளுங்கள். கொழுப்பு அங்கே ஒரு பக்கமாக ஒதுங்காமல் தசைக்குள் கோடுகோடாக ஓடும். வேகும்போது உருகி, சற்று அதிகம் வெந்துவிட்டாலும் காப்பாற்றும். தொடை மலிவாகக் கிடைக்கும், ஆனால் சக்கையாகிவிடும். கொட்டாஞ்சேனைப் பக்கத்து இறைச்சிக் கடையில் நீங்கள் வாய் திறக்கும் முன்பே கத்தி கறித்துண்டு போடத் தொடங்கிவிடும், ஆகவே வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போயா தினத்தில் இறைச்சியும் கிடைக்காது, சாராயமும் கிடைக்காது. இந்தச் சமையலுக்கு இரண்டும் வேண்டும்.

சாராயத்துக்கு வருவோம். அதற்கு முன் இந்த உணவு எந்த வழியாகக் கொழும்புக்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் செய்யப்போகும் மாற்றங்களுக்கு அதுதான் உரிமைப் பத்திரம். இலங்கையில் குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டோங்காரர் அல்லர். ஹூபேய், ஷாண்டோங் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றார்கள். பல் கட்டும் கடை வைத்தார்கள். சிலர் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். தலைமுறைகளாக எந்த நாட்டுப் பிரசையாகவும் இல்லாமல் இருந்தவர்களுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகே இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. சீனாவின் எந்த மூலையிலும் பிறக்காத ‘ஹொட் பட்டர் கணவாய்’ இங்கே சீன உணவு என்ற பெயரில் பரிமாறப்படுகிறது. நாமும் மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறோம். அப்படியிருக்க, சார் சியூவில் கித்துள் பாணியை ஊற்றினால் யாரும் வழக்குப் போட முடியாது.

குவாங்டோங்கில் மேற்பூச்சுக்கு மோல்ட்டோஸ் பாகு பயன்படுகிறது. முளைவிட்ட பார்லியின் நொதியம் பசையரிசியின் மாச்சத்தை உடைத்து உண்டாக்குகிற, கரண்டியில் எடுத்தால் அறுந்து விழாத கெட்டிப் பாகு. சாதாரணச் சீனியைவிட இனிப்புக் குறைவு, காற்றின் ஈரத்தை எளிதில் இழுக்காது, ஆகவே மினுக்கம் நெடுநேரம் நிற்கும். எங்கள் கொலன்னாவைக் கடைகளில் அதைத் தேடி அலைவதைவிட, அலுமாரியில் இருக்கும் கித்துள் பாணியை எடுக்கலாம். கித்துள் பனையின் பூம்பாளையைச் சீவி வடித்த சாற்றை விறகடுப்பில் வற்றக் காய்ச்சியது. நல்ல பாணியில் இலேசான புகை மணமும் இருக்கும், வாட்டிய இறைச்சிக்கு அது வலியத் தேடிப் போனாலும் கிடைக்காத பொருத்தம். பாணியின் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்குரோஸ். சுக்குரோஸ் நேரடியாக மயார் தாக்கத்தில் சேராது, குளுக்கோசும் புரக்டோசுமாக உடைந்த பிறகே சேரும். சில துளி தேசிக்காய்ப் புளி விட்டுச் சிறு தீயில் காய்ச்சினால் ஒரு பகுதி உடைந்துவிடும், படிகமும் கட்டாது. ஒரு மேசைக்கரண்டி தேன் சேர்த்தால் பழுப்பு சீக்கிரம் ஏறும். தேன் மட்டும் பூசினால் கண் இமைக்கும் முன் கருகும். ஒன்று சொல்ல வேண்டும்: சீனி கரைத்துக் கலந்த பாணிதான் சந்தையில் அதிகம் உலவுகிறது. நம்பிக்கையான ஆளிடம் வாங்குங்கள்.

சோஸின் மற்றப் பகுதி எளிது. ஒரு கிலோ இறைச்சிக்கு மூன்று மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி ஒய்ஸ்டர் சோஸ், கிடைத்தால் அதே அளவு ஹொய்சின் சோஸ், இரண்டு மேசைக்கரண்டி சிவப்புச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, நசுக்கிய உள்ளி நாலு பல், ஐந்து வாசனைப் பொடி அரைத் தேக்கரண்டி. அந்த ஐந்தில் கராம்பும் பெருஞ்சீரகமும் நம் வீட்டிலேயே உண்டு. அன்னாசிப்பூவைப் பலசரக்குக் கடையில் வாங்கலாம். சிச்சுவான் மிளகுக்குப் பதிலாக நம் மிளகு. நாக்கு மரத்துப்போகும் அந்தக் குணம் கிடைக்காது, பரவாயில்லை. ஐந்தாவது சீனக் கறுவா. காரமும் முரடும் கூடிய பட்டை. நம் நாட்டுக் கறுவா மென்மையானது, இனிப்பு மணம் கொண்டது, ஆகவே அளவைச் சற்றுக் கூட்டலாம். சீனர்கள் ரோசாப்பூ மணக்கும் கடும் மதுவை ஒரு கரண்டி ஊற்றுவார்கள். மதுசாரம் நீரிலும் எண்ணெயிலும் கரையும் மணங்கள் இரண்டையும் ஏந்திச் செல்லும் என்பதால் அது வெறும் ஆடம்பரமல்ல. அந்த இடத்தில் ஒரு மேசைக்கரண்டி தென்னஞ் சாராயம். பன்னீர் இரண்டு சொட்டு விட்டால் ரோசாவும் வந்துவிடும்.

இனி அந்தச் சிவப்பு. பழைய முறையில் அது சிவப்பு நொதியரிசியிலிருந்து வந்தது. மொனாஸ்கஸ் என்ற பூஞ்சை சோற்றில் வளர்ந்து அதைக் குருதி நிறமாக்கும். இதே பூஞ்சை உண்டாக்கும் ஒரு பொருள் குருதிக் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டற்றின் மருந்தேதான். சில வகைகள் சிறுநீரகத்துக்குக் கேடான சிற்றினின் என்ற நஞ்சையும் உண்டாக்கும். அதனால் எங்கிருந்தோ வந்த பொட்டலத்தை நம்பி வாங்க எனக்கு மனம் வராது. இன்றைய கடைகளில் பெரும்பாலும் செயற்கைச் சாயந்தான். பீட்ரூட் சாறு பிழிந்து பார்க்கலாமே என்று தோன்றும். அதன் சாயம் சூட்டில் சிதைகிறது. ஓவனுக்குள் சிவப்பாகப் போய்ப் பழுப்பாக வெளியே வரும். இறைச்சியின் உள்ளே இளஞ்சிவப்பு வேண்டும் என்று வெடியுப்போ நைத்திரைற்று கலந்த உப்போ வாங்கிக் கைக்கணக்கில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அளவு மிஞ்சினால் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடும். சோயா சோஸும் பாணியும் தருகிற கருஞ்சிவப்பே கண்ணுக்குப் போதும்.

இரவு முழுதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறட்டும். மறுநாள் எடுத்து, மேலே நிற்கும் சோஸைத் துடைத்துவிட்டு, கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் இரண்டு மணிநேரம் மறுபடி உள்ளே வையுங்கள். பலர் தாவிக் கடந்துவிடும் படி இதுதான். களனி கங்கைக்குப் பக்கத்துத் தாழ்நிலமான கொலன்னாவையில் காற்றே ஈரத் துணி. வெளியில் வைத்தால் இறைச்சி உலராது, கெட்டுத்தான் போகும். குளிர்பெட்டியின் வறண்ட காற்று மேற்பரப்பு நீரை இழுத்துவிடும்.

வாட்டும் அடுப்பைப் பற்றி. கன்டோனியக் கடைகளில் இறைச்சி பீப்பாய் போன்ற உயர்ந்த அடுப்புக்குள் தொங்கும். சூடான காற்று நாலு பக்கமும் சுற்றும், சுவரின் கதிர்வீச்சு மேலே வாட்டும், கொழுப்பு தானே வழிந்து மேற்பரப்பைப் பூசிக்கொண்டு கீழே இறங்கும். நம் பேக்கரிப் போறணையும் சுவரில் தேக்கிய சூட்டால் வாட்டுகிற அடுப்புத்தான், ஆனால் பன்றி இறைச்சியோடு பேக்கரி வாசலுக்குப் போவது எல்லா இடத்திலும் நல்ல யோசனை அல்ல. வீட்டு ஓவனே போதும். கம்பித் தட்டில் இறைச்சி, அதற்குக் கீழே ஒரு விரற்கடை தண்ணீர் விட்ட தட்டு. தண்ணீர் இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பும் பாகும் எரிந்து புகையும். அந்தப் புகையில் பென்சோபைரீன் போன்ற தீங்கான பொருள்கள் உண்டு, தவிர பக்கத்து வீட்டுச் சாளரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தட்டு வைத்தால் ஆவி எழுந்து மேற்பரப்பை ஈரமாக்காதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஆக்கும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் தட்டை வெளியே எடுத்துவிட்டு, அலுமினியத் தாள் விரித்த வெறும் தட்டை வைக்கச் சொல்கிறேன்.

முதலில் 160 பாகையில் அரைமணி நேரம். நடுவில் ஒரு தடவை புரட்டுங்கள். பிறகு வெப்பத்தை 200க்கு ஏற்றி, பாணிக் கலவையைத் தூரிகையால் பூசி, நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் வழிந்துவிடும். மெல்லிய பூச்சு ஒவ்வொன்றும் உலர்ந்து ஒட்டிய பின்னரே அடுத்தது. மூன்று பூச்சுப் போதும். ஓரங்களில் கரும்புள்ளிகள் தோன்றும்போது நிறுத்துங்கள். ஊறவைத்த சோஸ் மிஞ்சியிருந்தால் அதையும் பூச்சில் கலக்கலாம், ஆனால் பச்சை இறைச்சியின் நீர் அதில் இருப்பதால் முதலில் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சோஸ் கண்ணை ஏமாற்றும். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்குவது இந்தச் சமையலில் வீண்செலவல்ல. முழுத் துண்டு பன்றி இறைச்சிக்கு 63 பாகையும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டல். நாடாப்புழுவின் நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை, அதோடு கழுத்துப் பகுதியின் சவ்வு இளகக் கூடுதல் சூடு வேண்டும். நான் 70 முதல் 75 வரை விடுவேன். 2024 இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் பரவியபோது பலர் பன்றி இறைச்சியையே தொடாமல் விட்டார்கள். அந்த வைரசு பன்றிகளைக் கொல்லும், மனிதரைத் தொற்றாது. பண்ணைக்காரருக்குத்தான் அது பேரிழப்பு.

பன்றி இறைச்சி எல்லா வீட்டுக் குசினிக்குள்ளும் போகிற பொருளல்ல. முஸ்லிம் வீடுகளில் கிடையாது, சைவ வீடுகள் பலவற்றிலும் கிடையாது. எலும்பெடுத்த கோழித் தொடைக்கு இதே முறை நன்றாகப் பொருந்தும், சாராயத்தையும் விட்டுவிடலாம். நேரத்தைப் பாதியாக்கி, உள்வெப்பம் 74 பாகையைத் தொடும்வரை வாட்டுங்கள்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் கழித்து, நாருக்குக் குறுக்காக, அரை விரல் தடிப்பில் வெட்டினால் சாறு பலகையில் ஓடாது. வெள்ளைச் சோறு, வெள்ளரிக்காய், தட்டில் வடிந்த பாகு ஒரு கரண்டி. மிஞ்சியது குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். அதைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு தாச்சியில் வதக்கி, கொஞ்சம் சோஸ் விட்டு இறுக்கி, மாலு பாண் மாவுக்குள் மீனுக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஹொங்கொங்கில் காலைத் தேநீரோடு தருகிற சார் சியூ பணிசுக்கு அது நெருங்கிய சொந்தம்.