சீட்டுக் குலுக்குவது யார்?

"வேலையற்ற பிள்ளைகளின் வீண் விளையாட்டு" என்று கைப்பேசிப் போட்டிகளை ஏளனம் செய்கிறார்கள் மேதாவிகள். செய்யட்டும். உடன்குடியிலே கருப்பட்டி காய்ச்சும் வீட்டுப் பிள்ளை, சென்னைச் சீமான் வீட்டுச் செல்வனோடு ஒரே களத்தில் நின்று மோத முடிகிறதே, அது வீணா?

எப்படி முடிகிறது? டிஸ்கார்ட் என்றொரு உரையாடல் தளம், 2015-ல் அமெரிக்காவிலே தோன்றியது. போட்டி நடத்துவோர் அதிலே 'பாட்' எனும் தானியங்கியை அமர்த்துகிறார்கள். சம்பளம் கேட்காத குமாஸ்தா! குறித்த மணிக்குப் பதிவைத் திறக்கும். குழுவின் பெயரையும் ஆட்டக்காரர் நால்வரையும் எழுதினால் பச்சைக்குறி போடும். பிஜிஎம்ஐ ஆட்டத்திலே களத்துக்கு 100 பேர்; நால்வர் குழுவென்றால் 25 இடம். இடம் நிரம்பியதும் கதவை மூடும். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன், களத்தின் எண்ணையும் கடவுச்சொல்லையும் இடம் பெற்ற குழுக்களுக்கு மட்டும் காட்டும்.

நம் ஊர்க் கபடிப் போட்டிகளை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அங்கும் சீட்டுக் குலுக்குவார்கள். குலுக்கிய கை எவர் கை? பெரிய இடத்துப் பிள்ளையின் குழுவுக்கு 'பை' விழும். வியர்வை சிந்தாமலே அடுத்த சுற்று! தானியங்கிக்கு மாமன் மச்சான் இல்லை. எந்தத் தெரு, என்ன சாதி என்று அது கேட்பதில்லை. நமக்கு அது பிடித்திருக்கிறது, மறைப்பானேன்?

ஆயினும் தானியங்கிக்கு ஆணையிடும் உரிமை ஒருவன் கையிலே இருக்கிறது. அவன் நினைத்தால் ஒரு பெயரை நீக்கலாம், இன்னொன்றைச் செருகலாம். திருத்திய ஸ்கிரீன்ஷாட்டை வெற்றிக்குச் சான்றாக அனுப்பினால் எந்திரம் ஏமாறவும் கூடும். இரக்கமும் அதற்கில்லை. ஆறு மணிக்கு வருகைப் பதிவு என்றால் ஆறு மணிதான். உப்பளத்து வேலை முடிந்து, கைகால் கழுவி, ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கைப்பேசியை எடுக்கிறான் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. பெயர் அடிபட்டுக் கிடக்கிறது! நேரத்தைக் குறித்தவன் மனிதன்தானே? இரவு எட்டு மணி என்று குறித்தால் குடியா முழுகிவிடும்? விதியை முன்கூட்டி எழுதி வைக்கட்டும். குலுக்கல் எல்லோரும் காணும் அறையிலே நடக்கட்டும். முறையீடு கேட்க மனிதர் இருவர் இருக்கட்டும்.

அடுத்தது காசு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் மின்விளையாட்டை ஏற்கிறது. பணம் வைத்தாடுவதைத் தடுக்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்கலாம், நிர்வாகச் செலவுக்கு, திறமைக்குப் பரிசும் தரலாம், பந்தயம் கட்டலாகாது. பணம் வைத்தாடும் ஆட்டத்தை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். 2022-லேயே தமிழ்நாடு இணையச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இயற்றியதை நினைவூட்டுகிறோம். எனவே, "ஐம்பது ரூபாய் கட்டு" என்று எவனாவது கேட்டால், கணக்கைக் காட்டு என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். காட்ட மறுப்பவன் போட்டி நடத்துகிறானா, சூதாட்டக் கடை நடத்துகிறானா?

தானியங்கியை எழுதப் பெரிய ஆலை வேண்டியதில்லை. பைத்தான் என்னும் கணினிமொழி இலவசம். பழைய கணினி ஒன்று போதும். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியிலே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தக் கரையிலே நாலு வரி நிரல் எழுத ஆளில்லையா? எழுதுகிற பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள்: பச்சைக்குறியோடு தானியங்கி சொல்லும் பதில், "பதிவு முடிந்தது, தம்பி" என்று தமிழிலே வரட்டும்.