மேற்கே போகும் ரயில் – 11: கருவறைக்குப் பின்னால்

தொழிற்பேட்டைகளுக்கும் ஹவுசிங் போர்டு வீடுகளுக்கும் நடுவே பழைய கட்டடக்கலையைத் தேடிப் போகிறோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம். இந்த வாரம் ஆவடி விஜயந்தா டேங்க் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பாடியைத் தாண்ட மனசு வரவில்லை.

லூகாஸ் டிவிஎஸ் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது திருவலிதாயம். சம்பந்தர் பாடிய தலம். குருப்பெயர்ச்சி சமயத்தில் கூட்டம் அலைமோதும். வந்தவர்களில் பாதிப் பேராவது பிராகாரம் சுற்றும்போது கருவறைக்குப் பின்னால் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும். அங்கே சுவருக்கு மூலையே கிடையாது. நேராக வருகிற சுவர், பின்புறம் அரைவட்டமாக வளைந்து மறுபக்கம் போய்ச் சேர்கிறது. மேலே விமானமும் அதே வளைவில், படுத்திருக்கும் யானையின் முதுகாக. இதுதான் தூங்கானை மாடம். நேர்ச்சுவருக்குக் கல் கொத்துவதே பெரும்பாடு. இங்கே வளைவில் வரும் கற்களின் முகத்தை எல்லாம் வளைத்தே செதுக்க வேண்டும். குமுதம், பட்டிகை என்று அடித்தள வரிசைகளும் பிசிறில்லாமல் கூடவே திரும்ப வேண்டும்.

திருமுல்லைவாயில், திருவேற்காடு, திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயில் எல்லாமே இந்த அமைப்புதான். மின்சார ரயிலும் ஒரு பஸ்ஸும் போதும், ஒரே நாளில் நாலையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்த வடிவம் தொண்டை மண்டலத்தில்தான் செழித்தது. மாமல்லபுரத்து நகுல சகாதேவ ரதமும் இதே வடிவம். பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பாஜா, கார்லே குடைவரைகளில் பௌத்தர்கள் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே பின்சுவரை வளைத்துக் குடைந்திருக்கிறார்கள்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு. இதே வகை விமானம் உள்ள திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராஜேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொல்லி அந்த விமானத்தைக் கருங்கல்லில் எடுத்தவர் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்கிறது அது. கட்டச் சொன்னவர் பெயர் கல்வெட்டில் இருப்பது வழக்கம். கட்டியவரின் பெயர் கிடைப்பது அபூர்வம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் இருப்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்து இரவியை யார் பேசுகிறார்கள்? பாடியில் அந்த வளைவைப் பார்த்தபோது அவர் நினைவுதான். இதைச் செதுக்கியவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும்.

அதனால்தான் வயிறு எரிகிறது. திருப்பணி என்ற பெயரில் பல ஊர்களில் தரையை உயர்த்தி டைல்ஸ் பதிக்கிறார்கள். அடித்தளத்தின் கீழ் வரிசைகள் மண்ணுக்குள் போய்விடுகின்றன. கல் மேல் எனாமல் பெயின்ட் வேறு. இடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

திருமுல்லைவாயிலில் கருவறை முன் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களைப் பற்றிச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. குறும்பரை வென்று தொண்டைமான் கொண்டுவந்தவை என்கிறது தலபுராணம். செடியாகவே நாம் பார்த்துப் பழகிய எருக்கு, அங்கே தூணாக நிற்கிறது. அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கி, 1965-ல் முதல் விஜயந்தா வெளிவந்த ஆவடி தொழிற்சாலைக்குப் போகலாம்.

(தொடரும்)