தட்டுக்கு நடுவே ஓர் எடுப்பு

கீழவாஞ்சூருக்கு வடக்கே காரைக்கால், தெற்கே நாகூர். இந்தக் கரையோரமும் அதன் பின்னால் விரியும் காவிரிப் படுகையும் நாகஸ்வரமும் தவிலும் வளர்ந்த மண். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தந்த மண். நாகஸ்வர, தவில் வாசிப்பில் கேட்பவரை நிமிர வைப்பது தட்டின்மேல் விழும் ஸ்வரத்தைவிட, இரண்டு தட்டுக்கு நடுவே எடுத்து அடுத்த தட்டையும் தாண்டி நிற்கும் ஸ்வரம்தான். இத்தகைய எடுப்பைத் தாளில் எழுதப் போனால், மியூஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ போன்ற இசைக்குறியீட்டு மென்பொருள்கள் மேல்நாட்டு இசைக்காகச் செய்தவை, அவற்றில் நம் லயம் அடங்காது என்று சொல்வார்கள். நன்றாகவே அடங்கும். தாளத்தின் மொத்தக் கணக்கை மட்டும் கொடுத்துவிட்டு அதன் உட்பிரிவைச் சொல்லாமல் விடுகிறோம், கோளாறு அங்கேதான்.

மிஸ்ர சாபுவை எடுத்துக்கொள்வோம். ஏழு மாத்திரை, சொற்கட்டில் 'தகிட தகதிமி', அதாவது 3+2+2. 'தகிட'வின் 'ட'வில் தொடங்கும் ஸ்வரம் இரண்டு மாத்திரை நீண்டால், நான்காம் மாத்திரையில் விழும் தட்டை அது விழுங்கிவிடுகிறது. கேட்கும் காது சட்டென்று தடுமாறி ரசிப்பது இந்த விழுங்கலைத்தான். மென்பொருள் 3+2+2 என்று அறிந்திருந்தால், அந்த ஸ்வரத்தை இரண்டு குறிகளாகப் பிரித்து வளைகோட்டால் இணைக்கும். வாசிப்பவர் கண்ணுக்குத் தட்டு மறையாது. அதே ஏழு மாத்திரையை 2+2+3 என்று பிரித்தால், மூன்றாவதும் நான்காவதும் ஒரே கட்டுக்குள் வந்துவிடும். ஸ்வரம் ஒற்றைக் குறியாக, தட்டிலேயே தொடங்குவதுபோல நிற்கும். ஒலி மாறவில்லை, ஆனால் தாளில் எடுப்பு காணாமல் போய்விட்டது. 2016-இல் வெளிவந்த டோரிகோ, கொடுத்த உட்பிரிவைப் பார்த்துத் தானே குறிகளைப் பிரித்தெழுதும். அதனால் அங்கே தாளத்தைத் தப்பாகச் சொன்னால் பக்கம் முழுவதும் தப்பாகும்.

கணினியின் காலக் கணக்கே நமக்கு ஒத்துவராது என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. மிடி கோப்புகளில் ஒரு தட்டைப் பெரும்பாலும் 480 துளிகளாக வகுக்கிறார்கள். தட்டை மூன்று, நான்கு, ஐந்தாகப் பிரிக்கும் திஸ்ர, சதுஸ்ர, கண்ட நடைகளுக்கு 480 மீதியின்றி வகுபடும். மிஸ்ரத்தின் ஏழுக்கும் சங்கீர்ணத்தின் ஒன்பதுக்கும் வகுபடாது. ஐந்து நடைக்கும் பொதுவான மிகச் சிறிய எண் 1260. ஆனால் நிமிடத்துக்கு 60 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு துளி என்பது ஒரு விநாடியின் 480-இல் ஒரு பங்கு. ஒவ்வொரு ஸ்வரத்தின் இடத்தையும் தட்டிலிருந்தே கணக்கிட்டால், வகுபடாததால் வரும் பிழை சேர்ந்துகொண்டே போகாது. எந்தக் காதுக்கும் அது எட்டாது. தாளில் எடுப்பு மறையும் கோளாறோடு ஒப்பிட்டால் இது பொருட்டே அல்ல.

காற்புள்ளியும் அரைப்புள்ளியும் போட்டு எழுதும் நம் முறையே போதுமே என்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆதி தாளத்தில் ஒன்றரை இடத்து எடுப்பை மூன்று அரைப்புள்ளியில் சொல்லிவிடும் சிக்கனம் வேறெதற்கும் இல்லை. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி போன்ற பெருநூலே ஸ்வர எழுத்துகளில்தான் நிற்கிறது. அதேசமயம் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893-இலேயே சென்னையில் நம் கீர்த்தனைகளை ஐந்துகோட்டு முறையில் அச்சிடத் தொடங்கியதற்கும் காரணம் இருந்தது: நம் ஸ்வர எழுத்து தெரியாதவரும் வாசிக்க வேண்டும். கமகமும் தவிலின் நாதமும் குருவிடம்தான் வரும். எந்தத் தாளும் அதற்கு ஈடாகாது. ஆனால் எடுப்பின் கணக்கை மட்டுமாவது தாளில் ஏற்றலாம். உட்பிரிவை முதலிலேயே 3+2+2 என்று பதிந்து, பாடல்வரிக்கான இடத்தில் ஒவ்வொரு குறிக்கும் கீழே சொற்கட்டைத் தமிழிலேயே எழுதினால், தாளம் போட்டுக்கொண்டே படிப்பவருக்கு 'ட' எங்கே, அது விழுங்கிய 'த' எங்கே என்பது தெரிந்துவிடும்.