கட்டைவிரலைக் காப்போம்

பெருவிரைவு ரயிலில் ஏறி நாற்புறமும் நோக்கினால் நாம் காண்பது யாது? குனிந்த தலைகளும் ஓயாது அசையும் கட்டைவிரல்களுமே. ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவில் அமர்ந்து, ஊரிலுள்ள பெற்றோர்க்குச் செய்தி அனுப்பும் தொழிலாளத் தோழர்களையும் காண்கிறோம். செய்தி அனுப்புதல் நன்றே. ஆயினும் அதனால் கைக்கும் கழுத்துக்கும் நேரக்கூடிய துன்பத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வகை விரைவில் நம் நகரம் பெயர் பெற்றதே. 2004-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்ற குறுஞ்செய்திப் போட்டியில் ஒரு மங்கை 160 எழுத்துக் குறிகளை 43.24 விநாடியில் அடித்து உலகச் சாதனை படைத்தார். அன்று பொத்தான்கள், இன்று கண்ணாடித் திரை. உழைக்கும் விரல் மட்டும் மாறவில்லை.

கட்டைவிரலை இயக்கும் தசைகளுள் சில முன்கையில் உள்ளன. அவற்றின் இரு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் ஒடுங்கிய உறையினூடே வழுக்கிச் செல்கின்றன. ஒரே அசைவு ஓய்வின்றித் தொடர்ந்தால் உறை தடித்து நாண்களை நெருக்கும். அப்பொழுது துணி பிழிவதும் புட்டியின் மூடியைத் திறப்பதும் பெருந்துன்பமாகும். கைத்தொலைபேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, 1895-இல், சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி கெர்வான் இந்நோயை விளக்கினார். குழந்தையை அடிக்கடி தூக்கும் அன்னையர்க்கும், கையால் உழைப்போர்க்கும் இது வருவதுண்டு. அவர்கள் ஓய்வு வேளையிலும் திரையைத் தட்டிக்கொண்டிருந்தால் விரலுக்கு ஓய்வு ஏது?

கழுத்தின் நிலையும் அத்தகையதே. நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலையை 60 பாகை முன்சாய்த்தால் கழுத்தெலும்பு தாங்கும் சுமை சுமார் 27 கிலோவுக்கு ஒப்பாகும் என 2014-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் கணக்கிட்டார். அஃது ஐந்து கிலோ அரிசிப் பைகள் ஐந்தினும் மிகுதி! தோளும் மேல்முதுகும் வலிப்பதில் வியப்பில்லை.

காக்கும் வழிகள் எளியவை. கருவியைக் கண்ணுக்கு நேராக உயர்த்துவோம். ஒரே விரலை வருத்தாமல் மற்ற விரல்களையும் பயன்படுத்துவோம். நீண்ட செய்தியைக் குரலில் பதிந்து அனுப்புவோம். தாயின் செவிக்கு அதுவே இனிது. இடையிடையே கருவியைக் கீழே வைத்துத் தோள்களைத் தளர்த்துவோம். வலி நீடித்தாலோ, விரல் மரத்தாலோ பலதுறை மருந்தகத்தை நாடுவோம்.

ஏகலைவன் தன் குருவுக்காகக் கட்டைவிரலை ஈந்தான். எழுதவும் உழைக்கவும் உதவும் அவ்விரலை நாம் ஒரு கருவிக்காக இழத்தல் தகுமோ?