எச்சத்தை வைத்தே எண்ணிவிட்டார்கள்!

அண்டார்டிகாவின் எம்பரர் பெங்குவின்களை விண்வெளியிலிருந்து எண்ணுகிறார்கள், தெரியுமா? அதுவும் அவை போட்ட எச்சத்தைத் தடம் பிடித்து!

லேண்ட்சாட் செயற்கைக்கோள் பறப்பது 700 கிலோமீட்டர் உயரத்தில். அதன் படத்தில் ஒரு புள்ளி என்பதே தரையில் 30 மீட்டர். பெங்குவினோ ஒரு மீட்டர் சொச்சம்தான். பிறகெப்படித் தெரியும்? ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று எச்சமிட்டால் வெள்ளைக் கடல்பனியில் பழுப்புத் திட்டு விழாதா? அங்கே அப்படிக் கறை பண்ண வேறு ஆளும் கிடையாது!

2009-இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தார் இப்படித் துழாவியதில் 38 கூட்டங்கள் சிக்கின. அவற்றில் 10 அதுவரை யாருக்குமே தெரியாதவை! 2012-இல் இன்னும் துல்லியமான படங்களை வைத்து எண்ணினால், சுமார் 5,95,000 பறவைகள். முந்தைய மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அடேலி என்ற வேறு வகைப் பெங்குவினின் எச்சம் இளஞ்சிவப்பு, தெரியுமா? கிரில் என்ற குட்டி இறால் போன்ற உயிரியைத் தின்பதால் வரும் நிறம் அது. அந்தக் கறையைப் பின்தொடர்ந்து டேஞ்சர் தீவுகளுக்குப் போனவர்கள் அசந்துபோனார்கள். அங்கே இருந்தவை 15 லட்சத்துக்கும் மேல்!

எம்பரர் பெங்குவின்களைப் பற்றிய கெட்ட செய்தியையும் எச்சக் கறைதான் காட்டிக்கொடுத்தது. 2016-இல் ஹேலி விரிகுடாவில் பனி முன்கூட்டியே உடைந்தது. குஞ்சுகளின் பஞ்சு போன்ற முதல் இறகில் தண்ணீர் ஏறிவிடும். கடலில் விழுந்த குஞ்சு பிழைக்காது. அங்கிருந்தது உலகின் இரண்டாவது பெரிய எம்பரர் கூட்டம்; தொடர்ந்து 3 ஆண்டுகள் குஞ்சுகள் தேறவில்லை. ஆனால் 55 கிலோமீட்டர் தள்ளியிருந்த டாசன்-லாம்ப்டன் கூட்டம் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. பெரியவை அங்கே குடிபெயர்ந்திருந்தன! 2022-இலோ பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் கண்காணித்த 5 கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. நேரில் போய்ப் பார்ப்பதென்றால் இதெல்லாம் தெரியவே வருடங்கள் பிடித்திருக்கும்.

யானையையும் விட்டுவைக்கவில்லை! தென்னாப்பிரிக்காவின் ஆடோ தேசியப் பூங்காவில், செயற்கைக்கோள் படங்களிலிருந்து யானைகளைக் கணினியே அடையாளம் கண்டது, ஏறக்குறைய மனிதக் கண் அளவுக்குத் துல்லியமாக.

இன்னொன்று: லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். இணைய வசதியுள்ள ஒரு கணினி போதும், நீங்களும் தேடிப் பார்க்கலாம்!