தேரூர்க் குளக்கரை

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்)

குமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். அதிகாலையில் கன்னியாகுமரியில் சூரிய உதயம், பின் படகேறி விவேகானந்தர் பாறை, திரும்பும் வழியில் சுசீந்திரம் கோயில், மதியத்துக்கு மேல் பத்மநாபபுரம் அரண்மனை, பொழுது மிச்சமிருந்தால் திற்பரப்பு அருவி. வெளியூர்க்காரர்களை விடுங்கள், உள்ளூரில் இருக்கும் நாமும் விருந்தாளி வந்தால் இதே வழியில்தான் அழைத்துப் போகிறோம். நம் இரணியலில் வேணாட்டு மன்னர்களின் பழைய அரண்மனை ஒன்று உண்டு. அது நெடுங்காலம் கூரை சரிந்து, செடி முளைத்துக் கிடந்தது. பக்கத்தில் இருப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது நமக்குப் பழகிவிட்டது.

எங்கள் வகுப்பில் கன்னியாகுமரியைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. தேரூரைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டபோது எழுந்தவர்கள் மூவர். அவர்களில் இருவருக்கு அங்கே அத்தை வீடு! ஆகவே, இந்த ஆண்டு மலரில் அந்தச் சிற்றூரைப் பற்றியும், அதன் பெரிய குளத்தைப் பற்றியும் எழுதலாம் என்று எண்ணினோம்.

இரணியலிலிருந்து போவது கடினமில்லை. திங்கள்சந்தையில் பேருந்து ஏறி நாகர்கோவிலில் இறங்கினால், அங்கிருந்து தேரூர் சில கிலோமீட்டர் தூரம்தான். சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் இடையே வயல்களும் தென்னந்தோப்புகளும் குளங்களும் மாறி மாறி வரும். கன்னியாகுமரிச் சாலையில் பேருந்தில் போகும்போது சுசீந்திரம் குளம் கண்ணில் படும். அதை எல்லோரும் பார்த்திருப்போம். தேரூர்க் குளம் சற்று உள்ளே தள்ளி இருப்பதால் தேடிப் போக வேண்டும். வடக்கே மலைத்தொடர் நீல நிறத்தில் நிற்க, அதன் முன் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும் காட்சிக்கு நுழைவுச் சீட்டு கிடையாது.

இது இயற்கையாக உண்டான ஏரி அன்று. உழவுக்காக மனிதர் வெட்டிக் கரை கட்டிய குளம். நாஞ்சில் என்றால் கலப்பை என்பது நமக்குத் தெரியும். கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டில் குளங்கள் இல்லாமல் வயல் ஏது? ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேட்டில் பசுங்குளம், நெடுமருதுகுளம், பெருங்குளம் முதலிய குளங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதி மக்கள் குளம் வெட்டியும் கரை காத்தும் வந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. வண்டல் படியும், கரை அரிக்கும், மடை தூர்ந்துபோகும். ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் குளம் இருக்காது.

அங்கே வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "மக்களே, எல்லாரும் தண்ணியத்தான் பாத்துட்டுப் போறாவ. மடையப் பாருங்க" என்றார். பார்த்தோம். கரைக்கு அடியில் இருக்கும் மடையைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போகிறது. குளம் நிரம்பி வழியும்போது கரை உடையாமல் காப்பது மறுகால். மிகுந்த நீர் அதன் வழியே வெளியேறி, கீழே உள்ள குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். மேல் குளத்தின் மிச்சம் கீழ்க் குளத்துக்கு வரவு. இந்தக் கணக்கை அந்தக் காலத்தில் யார் எந்தப் பள்ளியில் படித்துப் போட்டார்கள் என்று வியப்பாக இருந்தது.

தேரூர்க் குளத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்கக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பியவை. குமரி மாவட்டத்துக்கோ ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் கிடைக்கின்றன. மழை தவறினால் கைகொடுக்கக் கோதையாற்றுப் பாசனம் இருக்கிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், பிறகு வந்த பெருஞ்சாணி அணையும் அதன் உயிர்நாடி. அந்த நீரின் ஒரு பகுதி கால்வாய்கள் வழியாகப் பழையாற்றுப் பக்கம் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வருகிறது. இன்னொரு பகுதி பத்மநாபபுரம் புத்தனார் கால்வாயாகக் கல்குளம் வட்டத்துக்குப் பாய்கிறது. தேரூர் வயலும் நம் வட்டத்து வயலும் ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்ணும் உடன்பிறப்புகள் எனலாம்.

இரண்டு மழைக்கு ஏற்ப இரண்டு போகம். புரட்டாசி, அதாவது கன்னி மாதத்தை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. மாசி, அதாவது கும்ப மாதத்தை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. 'பூ' என்றால் இங்கே போகம். வேறு மாவட்டத்துத் தோழியரிடம் சொன்னால், இது என்ன மலர் என்று கேட்கிறார்கள்.

இனிப் பறவைகளுக்கு வருவோம்.

வடக்கே சைபீரியா முதலிய குளிர்நாடுகளில் பனி மூடியதும் அங்குள்ள நீர்ப்பறவைகள் இரை தேடித் தெற்கே புறப்படுகின்றன. மத்திய ஆசியாவின் வழியாக அவை வரும் வான்வழி இந்தியா முழுவதையும் கடந்து நம் மாவட்டத்தை எட்டுகிறது. இதற்கப்பால் இந்திய நிலப்பரப்பு இல்லை, கடல்தான். நெடும்பயணத்தின் கடைசியில் நன்னீரும் மீனும் புழுவும் நத்தையும் நிறைந்த ஆழமில்லாத குளங்கள் கிடைத்தால் பறவைகள் விடுமா? இப்பகுதியில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் காணப்படுவதாகவும், அவற்றுள் 53 வகை வலசை வருபவை என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடியின் கழிமுகமும் அருகில் இருக்கிறது. நன்னீர்க் குளமும் உப்பு நீரும் அடுத்தடுத்து இருப்பதே இத்தனை வகைகள் வரக் காரணம்.

எல்லாப் பறவைகளும் வெளிநாட்டு விருந்தாளிகள் அல்ல. கூழைக்கடா நம் நாட்டிலேயே குஞ்சு பொரிப்பது. அலகின் கீழே தொங்கும் பையை வலைபோல் நீரில் விட்டு மீனை அள்ளும். மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்தபடியே நீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்டதும் அலகு சட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணால் தேடவில்லை, தொடு உணர்ச்சியால் பிடிக்கிறது என்பதால் கலங்கிய நீரிலும் அதற்குப் பசியில்லை. நீர்க்காகம் முழுகி எழுந்தபின் கட்டையில் நின்று இரு சிறகையும் விரித்து வெயிலில் காயப்போடும். அதன் இறகு வாத்தின் இறகைப்போல் முழுவதும் நீரைத் தள்ளிவிடுவதில்லை; உலர்த்தினால்தான் நன்றாகப் பறக்க முடியும்.

எங்களை மிகவும் கவர்ந்தது நீளவால் இலைக்கோழி. கால்விரல்கள் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் மிக நீளம். அந்த விரல்களை அகல விரித்து, எடையைப் பரப்பி, தாமரை இலைமேல் மூழ்காமல் நடக்கிறது. மழைக்காலத்தில் இனப்பெருக்கத்தின்போதுதான் அதன் நீண்ட வால் இருக்கும். குளிர்காலத்தில் போனால் வாலைத் தேடி ஏமாற வேண்டாம். முட்டையிடுவது மட்டுமே தாயின் வேலை. அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் தந்தை! இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

தேரூரின் இன்னொரு பெருமை கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர். அந்நாளில் இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழைக் கற்றது வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரானிடம். திட்டு என்பது நீர் சூழ்ந்த மேட்டைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பாடும் பசுவும் கன்றும் பாட்டை எழுதிய கவிஞருக்குத் தமிழ் அரிச்சுவடி இந்த நீர்க்கரை நாட்டில்தான் வாய்த்தது.

குழந்தைப் பாடல்களோடு அவரை நிறுத்திவிடுகிறோம். அவர் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியர். திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். கல்வெட்டுகளை ஆராய்ந்து 'காந்தளூர்ச் சாலை' என்ற நூல் எழுதியவர். எல்லாவற்றிலும் மேலாக, மாணவியராகிய நாம் அறிய வேண்டியது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. ஒருவருடைய சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போய், மனைவியும் மக்களும் தெருவில் நின்ற அந்நாளைய வழக்கத்தைச் சிரிக்கவும் கலங்கவும் வைக்கும்படி அதில் பாடியிருக்கிறார். பாட்டு முழுவதும் ஒரு பெண்ணின் குரல்; குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்கிறாள். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டம் வந்து அவ்வழக்கத்தை முடித்து வைத்தது. கவிமணி 1954-ல் மறைந்தார். அவர் பிறந்த மண் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள்; அதைக் காண அவர் இல்லை. தேரூரில் அவருக்கு நினைவு நிலையம் இருக்கிறது. குளத்துக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்து வரலாம்.

ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரம் ராம்சர் என்றொரு நகரம். 1971-ல் அங்கே பல நாடுகள் கூடி, நீர்நிலைகளைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல் ஒன்று உண்டு. 2022-ல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதி அதில் சேர்க்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 94 ஹெக்டேர். இரணியலில் இருக்கும் நமக்குத் தெரியாத குளம் உலகப் பட்டியலில் இருக்கிறது!

பட்டியலில் சேர்ந்ததால் குளம் பிழைத்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தேரூர்க் குளத்தை நம்பி வாழ்வோர் சுமார் 10,500 பேர். அவர்களில் முக்கால் பங்கினருக்கு வாழ்வு விவசாயம். வயல் இருக்கும்வரை மடைக்கு ஓர் ஆள் இருப்பார்; வாய்க்காலைச் சுத்தம் செய்யக் கூலி கொடுப்பார்; கரை அரித்தால் சத்தம் போடுவார். நாஞ்சில் நாட்டில் நெல்வயல்கள் தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறி வருவதை நம் பெற்றோர் எல்லோரும் அறிவார்கள். மனையில் வீடு கட்டியவருக்குக் குளம் நிரம்பினால் கவலை. வயல் வைத்திருப்பவருக்குக் குளம் வற்றினால் கவலை. முன்னவர் பெருகி, பின்னவர் குறைந்தால் குளத்துக்காகப் பேச யார் இருப்பார்கள்? பறவைகளா மனு கொடுக்கும்?

தாமரை விஷயத்திலும் வழக்கு உண்டு. நம் மாவட்டத்துக் குளங்களில் தாமரை வளர்த்துப் பூவைத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அது பல குடும்பங்களின் பிழைப்பு. ஆனால் இலை நீரை முழுவதும் மூடிவிட்டால், முழுகி மீன் பிடிக்கும் பறவைக்கு இடமில்லை. சரி, தாமரையை அடியோடு அகற்றினால் என்ன? இலைக்கோழி எங்கே நடக்கும்? பாதிக் குளம் பூவுக்கு, பாதிக் குளம் திறந்த நீராக என்று விட்டுவைப்பதே நல்லது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும், ஊர்ச் சாக்கடையும், கரையில் வீசும் பிளாஸ்டிக் பைகளும் தாமரையைவிடப் பெரிய பகை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். காலை ஆறரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எட்டரைக்குப் பின் வெயில் ஏறிவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் பறவையின் நிறம் தெரியும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாமே காக்கையாகத்தான் தோன்றும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். பள்ளிச் சீருடையில் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு: போகலாம், பேசாமல் இருந்தால்! ஒருவரிடமாவது இருநோக்கி இருந்தால் கைமாற்றிப் பார்க்கலாம். கரையில் சில இடங்களில் வழுக்கும். மடை ஓரம் ஆழம் அதிகம். சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் பெற்றோர் கையை விடக்கூடாது. கட்டுச்சோறு கொண்டு போனால் இலையில் கட்டிக் கொண்டு போங்கள்.

பறவைகளைப் பார்த்த பின் வயலின் பக்கம் திரும்பி, எந்தப் பூ நட்டிருக்கிறது, மடை திறந்திருக்கிறதா என்று அங்கே நிற்பவரிடம் கேளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். எங்களுக்கு இளநீரும் கிடைத்தது.