பந்து வருமுன் தலை நிமிரட்டும்

பெங்களூரின் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) முகாம். 1780-இல் மதராஸ் பயனியர்களாகத் தொடங்கிய படை இது. இதன் வீரர்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் கூப்பிடும். இந்திய ஹாக்கி அணியின் கேப்டனாக இருந்த இக்னேஸ் டிர்கி இந்தப் படையில் அதிகாரி ஆனவர். இதன் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிக்குச் சின்ன வயதிலேயே தேர்வாகும் பையன்கள் இங்கே படித்துக்கொண்டே ஹாக்கியும் பழகுகிறார்கள்.

டிர்கி ஒரு டிஃபெண்டர். இன்று நம் அணிக்குக் கோல் போடுவதும் ஒரு டிஃபெண்டர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட 15 கோல்களில் 10 ஹர்மன்ப்ரீத் சிங்குடையவை. அந்தப் பத்துமே பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. வெண்கலம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஓடி, ஏமாற்றி, கோலுக்கு முன்னால் உள்ள 'டீ' வளைவுக்குள் புகுந்து அடிக்கும் ஃபார்வர்டுகள் எங்கே என்ற கவலை என்னை விடவில்லை. அவர்களைப் பன்னிரண்டு வயதிலேயே உருவாக்க வேண்டும். இருபதில் ஆரம்பித்தால் கை பழகாது.

அட்டாக் என்றால் ஓங்கி அடிப்பது என்றே பல பையன்கள் நினைக்கிறார்கள். பந்தை வாங்கும் விதத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை நிறுத்தும் பையன் திரும்புவதற்குள் எதிராளி மேலே வந்துவிடுவான். உடம்பைப் பாதி கோல் பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு வைத்து ஓடிக்கொண்டே வாங்கினால், முதல் தொடுகையிலேயே ஓரடி முன்னே போயிருப்பான். அதற்கும் முன்னால், தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் வாங்கும் பந்து வீண்.

இதைப் பழக்க ஐஸ் ஹாக்கிக்காரர்களிடம் நல்ல வழி இருக்கிறது. அமெரிக்க ஐஸ் ஹாக்கி சங்கம் 2009-இல் கொண்டுவந்த பயிற்சி முறையில், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு ரிங்க் கிடையாது. அதை மறித்துக் குறுக்குவாக்கில் ஆட விடுகிறார்கள். இடம் குறுகினால் ஒவ்வொரு குழந்தைக்கும் பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான வட்டு) அடிக்கடி வரும். நெருக்கத்தில் சட்டென்று முடிவெடுக்கப் பழகும். குறைந்த வசதியிலும் ஆட்டம் வளரும் என்பதற்கு நம் லடாக்கே சாட்சி: அங்கே குளங்கள் உறையும் சில வாரங்கள்தான் இயற்கை ஐஸ் கிடைக்கும். அப்படிப் பழகிய பெண்கள் நிறைந்த இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணிதான் 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது.

நம் ஊர் ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம். அதில் பத்து வயதுப் பையனை விங்கில் நிறுத்தினால் பாதி நேரம் வேடிக்கைதான் பார்ப்பான். புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த முன்னாள் இந்திய ஃபார்வர்டு தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளோடும் மற்றவர்கள் கழித்துப்போட்ட பந்துகளோடும் ஆடி வளர்ந்தவர். அப்படித் தெருவில் ஆடிய ஆட்டம் அவரை நான்கு ஒலிம்பிக்குகளுக்குக் கொண்டுபோனது. அந்தச் சுதந்திரத்தை அகாடமிப் பையனுக்கும் கொடுத்தாக வேண்டும். ட்ரிபிள் செய்து பந்தை இழந்தவனைத் திட்டினால், மறுமுறை அவன் பந்து வந்ததுமே தள்ளிவிடுவான். அதோடு ஒரு ஃபார்வர்டு போய்விட்டான்.

அல்சூரிலும் சுற்று வட்டாரத்திலும் பையன்களுக்கு ஹாக்கி சொல்லித்தரும் கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் இரண்டு நாளாவது கார்னர் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, 'டீ'க்குள் மூன்றுக்கு மூன்று ஆட விடுங்கள். பெற்றோர்களே, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், இன்று எத்தனை பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோனாய் என்று கேளுங்கள்.